வாசகர் கேள்வி - பதில்: அமுங்குகிற டெக்கை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் 28 அடி பைபர் போட் கொட்பேயில் நிற்கிறது. முன்பக்கத்தில் கயிறு கட்டும் குற்றிக்குக் கிட்ட, கால் வைத்தால் டெக் அமுங்குகிறது. மேலே இரண்டு மேட் (பைபர் இழை விரிப்பு) ஒட்டினால் சரி என்கிறார்கள். ஒட்டலாமா?
- ஒரு வாசகர், திருக்கடலூர்

பதில்: ஒட்ட வேண்டாம். டெக் என்பது ஒரே பலகை இல்லை. மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவில் பிளைவுட் அல்லது நுரைப்பலகை. நடுப்பலகை இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்திருப்பதால்தான் டெக் விறைப்பாக நிற்கிறது. உங்கள் போட்டில் அந்தப் பலகை உக்கிவிட்டது போலிருக்கிறது. மேலே எத்தனை மேட் ஒட்டினாலும் பாரம்தான் ஏறும். உள்ளே உக்கல் பரவிக்கொண்டே போகும்.

முதலில் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று தெறிக்கும், உக்கிய இடம் 'பொத்' என்று அடங்கும். சோக்கால் எல்லை போடுங்கள். பிறகு 6 மி.மீ. துளைகள், கீழ்த்தோலைத் தொடாமல். கறுத்த ஈரத்தூள் வந்தால் இன்னும் வெளியே தள்ளித் துளையுங்கள். வெளிறிய காய்ந்த தூள் வரும் வரை நிறுத்தக் கூடாது. காதுக்குத் தெரிந்ததைவிட உக்கல் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

அந்த எல்லைக்கு இரண்டு அங்குலம் வெளியே, கிரைண்டரின் மெல்லிய தட்டால் மேல்தோலை மட்டும் வெட்டுங்கள். மூலைகளை வளைத்து வெட்ட வேண்டும்; கூரான மூலையில்தான் பின்னர் வெடிப்பு தொடங்கும். பைபர் தூள் நுரையீரலுக்குக் கேடு, துணி கட்டினால் போதாது, வடிகட்டியுள்ள முகமூடி போடுங்கள். உக்கலை உளியால் சுரண்டியபின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு மிஞ்சினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சில நாள் காயவிட்டு, ஒரு பொலித்தீன் துண்டின் நான்கு ஓரத்தையும் ஒட்டிவைத்து மறுநாள் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி கண்டால் இன்னும் காயவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்ட வேலைதான் அடுத்த வருடம் திரும்பி வரும்.

பிறகு கீழ்த்தோலை அரத்தாளால் தேய்த்து, 450 கிராம் மேட் (சதுர மீற்றருக்கு 450 கிராம் எடை) ஒன்றை ரெசினில் (ஹார்ட்னர் சேர்த்தால் இறுகும் பிசின்) நனைத்து விரித்து, அதன்மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டைப் பதித்து மணல் மூட்டை ஏற்றுங்கள் (பழைய பலகை வேறு தடிப்பென்றால் அதே தடிப்பில் எடுங்கள்). டெக் வளைந்திருந்தால் பிளைவுட்டை அரை அடிச் சதுரங்களாக வெட்டினால் வளைவோடு படியும். இடைவெளிகளை ரெசின் பட்டியால் (புட்டி) நிரப்புங்கள்.

மேல்தோலின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: தடிப்பு 4 மி.மீ. என்றால் சரிவு 48 மி.மீ., அதாவது 12 மடங்கு. சரிவில்லாத ஒட்டு அந்த ஓரத்திலேயே விடும். ஒரு 450 கிராம் மேட் ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிப்புத் தரும். ஆகவே நான்கு மேட், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஓர் அங்குலம் அகலம். ஒரு சதுர மீற்றருக்கு மேட் 1.8 கிலோ, ரெசின் 4 முதல் 4.5 கிலோ வரை போகும். இரண்டு மேட் போட்டு, ரோலரால் காற்றை வெளியேற்றி, சூடு தணிந்தபின் மற்ற இரண்டு.

நம்மூர் வெப்பத்துக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 மி.லீ. ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). அதைவிடக் குறைத்தால் உள்ளே இறுகாமல் நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வெயிலில் கால் மணித்தியாலத்துக்குள் வாளியிலேயே இறுகும். கோபால்டையும் (இறுகுவதை வேகமாக்கும் கரைசல்) ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) பூசி இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. ஹார்ட்னர் கூட்ட வேண்டுமா?
- ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: நகத்தால் அழுத்துங்கள். அடி கல்லாக இருந்தால் பழுதில்லை. காற்றுப் படும் மேற்பரப்பு மட்டும் இறுகவில்லை. அச்சுக்கென்று செய்த ஜெல்கோட்டில், மேற்பரப்பைக் காற்றுப் படாமல் மூடும் மெழுகு இராது. அசிட்டோனால் துடைத்து, தேய்த்து, கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசலை டின்னில் சொன்ன அளவுக்குச் சேருங்கள். இடைப் பூச்சில் மெழுகு சேர்ந்தால் அடுத்தது பிடிக்காது. அடியும் மெத்தென்றிருந்தால் ஹார்ட்னர் குறைந்திருக்கிறது. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: சறுக்காத டெக்குக்குக் கடல் மணல் தூவலாமா? எந்த மாதம் நல்லது?
- ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்தால் தூவலாம். இருகலவை பொலியூரித்தேன் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே தாராளமாகத் தூவி, காய்ந்தபின் ஒட்டாததைக் கூட்டித் தள்ளி, மேலே இன்னொரு பூச்சு. வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் எடுங்கள். கடும் நிறத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

வாடை மழை தொடங்குமுன், மே முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். ஆனால் கச்சான் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் பதிக்கும். மேற்குப் பக்கம் படங்கு கட்டுங்கள். பனி காய்ந்தபின் தொடங்கி, பின்னேரம் மூன்று மணிக்குள் முடியுங்கள்.

திருக்கடலூர் வாசகருக்கு இன்னொன்று. தண்ணீர் இறங்கியது பெரும்பாலும் அந்தக் குற்றியின் போல்ட் துளை வழியாகத்தான். 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளைத்து, தடித்த எபொக்சியால் (வேறு வகை ரெசின்) நிரப்பி, இறுகியபின் நடுவில் 10 மி.மீ. துளையுங்கள். அப்போது தண்ணீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது. மேட் வேலை முழுதும் முடிந்தபிறகே இதைச் செய்யுங்கள். எபொக்சி மேல் சாதாரண ரெசின் சரியாகப் பிடிக்காது. கீழே அகலமான துருப்பிடிக்காத தகடு வையுங்கள். சீலன்ட் பூசி மெதுவாக இறுக்கி, மறுநாள் சீலன்ட் இறப்பராகியபின் சுரையை மட்டும் இன்னும் அரைச் சுற்று. போல்ட் தலை சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.