ஃபிரிட்ஜுக்கு நான்காவது முறையாக கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன்பு 28,500 ரூபாய் கொடுத்து இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். ஐந்தாவது மாதத்தில் குளிர்ச்சி நின்றுபோனது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் கேஸ் குறைந்துவிட்டதாகச் சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். எட்டாவது மாதத்திலும் பதினோராவது மாதத்திலும் இதே கதை நடந்தது. இப்போது நான்காவது முறையாகக் குளிர்ச்சி இல்லை. ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டது, 10 ஆண்டு உத்தரவாதம் கம்ப்ரசருக்கு மட்டும்தான், எனவே கேஸுக்கும் கூலிக்கும் சேர்த்து 3,200 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடைக்காரரோ கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்று கையை விரிக்கிறார். பணத்தைக் கட்டிவிடுவதா, வேறு வழி உண்டா?

– திருச்சி வாசகி

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் உள்ள கேஸ் வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. அது முழுவதும் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குழாயில் எங்கும் கசிவு இல்லையென்றால் பல ஆண்டுகளானாலும் குறையாது. ஆகவே உங்கள் வீட்டில் கேஸ் மூன்று முறை குறைந்தது என்றால், ஒரே கசிவு முதல் நாளிலிருந்து இன்றுவரை அடைக்கப்படாமல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கசிவு எங்கே என்று அழுத்தம் கொடுத்துச் சோதித்து, அந்த இடத்தைப் பற்றவைத்து, அல்லது அந்தப் பாகத்தையே மாற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும். இவற்றைச் செய்யாமல் நிரப்பிவிட்டுப் போவது பழுது நீக்குதல் ஆகாது. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் பயன்படும் ஆர்600ஏ எனும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால், கசிவைத் தேடாமல் விடுவது எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறது.

வாரண்டி முடிந்துவிட்டது என்ற வாதத்துக்கு உங்கள் பதில் இதிலேயே இருக்கிறது. குறை தோன்றியதும் நீங்கள் புகார் செய்ததும் வாரண்டி காலத்துக்குள். அப்போதே சரிசெய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. அதை நிறைவேற்றாமல் நாளைக் கடத்திவிட்டு, கடத்திய நாட்களையே காரணமாகக் காட்டி உங்களிடம் பணம் கேட்பது நியாயமன்று. இதை நீங்கள் தொலைபேசியில் சொல்லிப் பயனில்லை, எழுத்தில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஆவணங்களைத் திரட்டுங்கள். பில், வாரண்டி அட்டை, ஒவ்வொரு முறையும் செய்த வேலையைக் குறித்துக் கொடுத்த ஜாப் ஷீட், புகார் எண்ணுடன் வந்த குறுஞ்செய்திகள் ஆகிய எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஜாப் ஷீட் கொடுக்காமல் போயிருந்தால், எந்தெந்தத் தேதியில் என்ன வேலை நடந்தது என்ற விவரத்தைக் கேட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு அது சான்றாக நிற்கும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, அது காட்டும் அளவைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஆத்திரத்தில் வெளி மெக்கானிக்கை அழைத்துக் குழாயைத் திறக்கச் சொல்லிவிடாதீர்கள். குறைக்கு அவர்தான் காரணம் என்று கம்பெனி கைகழுவ அது வழி செய்துவிடும், கசிவு இருந்ததற்கான தடயமும் போய்விடும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் டெக்னீஷியன் உங்கள் கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்பார். அதைச் சொன்ன நொடியிலேயே கம்பெனியின் கணினியில் உங்கள் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடக்கூடும்; அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது அது புதிய புகாராகிவிடும், மூன்று முறை வந்து போன வரலாறு பின்னுக்குப் போய்விடும். ஃபிரிட்ஜ் மீண்டும் குளிர்ச்சியடையச் சில மணி நேரம் ஆகும் என்பதால், குளிர்ச்சி வந்ததை உறுதிசெய்த பிறகே எண்ணைத் தருவேன் என்று சொல்லுங்கள். அவர் அவசரப்படுத்தினால், ‘கசிவு சோதிக்கப்படவில்லை, குறை தொடர்கிறது’ என்று ஜாப் ஷீட்டில் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வந்தவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். எத்தனை நிமிடத்தில் எத்தனை வீடு என்ற கணக்கை அவர் வகுக்கவில்லை.

கடிதத்தைக் கம்பெனிக்கும் கடைக்கும் சேர்த்தே ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பொருளை விற்றுப் பணம் பெற்றவர் என்ற முறையில் கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை: ‘இந்த ஃபிரிட்ஜில் ஒரே குறை வாரண்டி காலத்துக்குள் மூன்று முறை ஏற்பட்டு, ஒருமுறையும் முறையாக நீக்கப்படவில்லை. எனவே 15 நாட்களுக்குள் புதிய ஃபிரிட்ஜ் தர வேண்டும் அல்லது முழு விலையையும் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதி, தேதிகளையும் புகார் எண்களையும் கீழே கொடுத்தால் போதும். வீட்டில் இன்சுலின் போன்ற மருந்து இருக்கிறது, காத்திருக்க முடியாது என்ற நிலை இருந்தால், 3,200 ரூபாயை ‘உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை என்றாலும், உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருப்பது தடையாகாது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பதால், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். குறையை நீக்கித் தரவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிட முடியும். பழுது பார்த்தாலே போதும் என்று அது கருதவும் இடம் உண்டு. உற்பத்திக் குறை என்பதற்கு நிபுணர் கருத்தையும் கேட்கலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கு அனுப்பும்படி நீங்களே கோரலாம், ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் மனுதாரர்தான் செலுத்த வேண்டியிருக்கும்.

மின்னழுத்தம் ஏறி இறங்கியதுதான் காரணம், ஸ்டெபிலைசர் வைக்கவில்லை என்ற பதில் நிச்சயமாக வரும். மின்னழுத்தக் கோளாறு கம்ப்ரசரையோ மின்னணுப் பலகையையோ பாதிக்கலாம், குழாயில் கசிவை உண்டாக்குவதில்லை. அப்படிச் சொல்பவரிடம் மின்னழுத்தத்தை அளந்து ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிறேன். மோட்டாருக்கு 5 ஆண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்ற வெட் கிரைண்டரில் ஓராண்டுக்குள் மோட்டார் இரண்டு முறை எரிந்துவிட்டது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது, நுகர்வோர் என்று வழக்கும் போட முடியாது என்கிறார்கள். உண்மையா?

– மதுரை வாசகி

பதில்: இரண்டில் ஒன்று தவறு, மற்றொன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் நுகர்வோர்தான்; நீங்களே அரைக்கிறீர்கள், இதுவே உங்கள் வாழ்வாதாரம் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அந்த நிபந்தனையைக் கம்பெனி எடுத்துக்காட்டும். விற்பனைக்கு மாவு அரைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே கடைக்காரர் அந்த மாடலைப் பரிந்துரைத்தாரா என்பது அப்போது முக்கியமாகிவிடும். வாங்கும்போது அவரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். எரிந்த மோட்டாரை எடுத்துச் செல்ல ஆள் வந்தால், ரசீது இல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.