உப்புக்காற்றில் எந்த டிஸ்க் பிரேக் நல்லது?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். எடை 82 கிலோ. கிழமை நாட்களில் நிலாவெளி வீதி, ஞாயிறுகளில் கன்னியாப் பக்கத்துக் கிரவல் பாதைகள், எப்போதாவது நக்கிள்ஸ் மலை. மவுண்டன் பைக்கில் உள்ள கேபிள் டிஸ்க்கை மாற்றப் போகிறேன். புதிய ஷிமானோ எம்.ரி.200, பாவித்த ஸ்ராம் கைட் ஆர் நாலு பிஸ்டன், இரண்டும் கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்குபவை, கிட்டத்தட்ட ஒரே விலை. எதை வாங்கலாம்?

எம்.ரி.200ஐ வாங்குங்கள்.

சில்லோடு சுழலும் தட்டு ரோட்டர், அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டை பாட், அந்தப் பாட்டை அழுத்துவது பிஸ்டன். எம்.ரி.200இல் இரண்டு பிஸ்டன்தான். நாலு பிஸ்டனுக்குப் பலம் கூட என்பது உண்மைதான். நீண்ட இறக்கத்தில் சூடு தாங்கும், விரலும் களைக்காது. ஆனால் நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இறக்கம் எங்கே? கோணேசர் கோயில் ஏற்றம்கூடச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாதாமாதம் மலைநாட்டுக்குப் போவதென்றால், கொஞ்சம் காசு சேர்த்துப் ஷிமானோவின் புதிய டியோர் நாலு பிஸ்டன் எடுக்கச் சொல்லியிருப்பேன். பாவித்த கைட் ஆரில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. 2017க்கு முந்தைய லீவர்கள் பலவற்றில் வெயில் ஏற உள்ளே இருக்கும் பிஸ்டன் தடித்து, லீவர் திரும்பி வராமல் நின்றுவிடும். திருகோணமலை வெயிலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது, பிரேக்கில் ஓடும் திரவம். இதைத்தான் பலரும் கேட்பதில்லை. கைட்டில் இருப்பது டொட் எனப்படும், மோட்டார் வாகனங்களுக்கும் ஊற்றும் பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 5.1 குறைந்தது 260 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய திரவத்துக்கு அதே அளவு 180தான். கடலோரத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். டொட் 4 எந்த மோட்டார் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், ஸ்ராமுக்கு அதையும் ஊற்றலாம் என்பது ஒரு வசதி.

ஷிமானோவுக்கு மினரல் ஒயில். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம். ஆனால் அது ஈரம் உறிஞ்சாது, சிறு போத்தலே பல தடவைக்குக் காணும். பிரேக்கோடு சேர்த்து இப்போதே எடுத்துவிடுங்கள். பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கக் கராஜில் கொடுத்தால், பழக்கத்தில் டொட் 4ஐ ஊற்றிவிடக் கூடும். அப்புறம் உள்ளே இருக்கும் றப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். கழுவிச் சரிசெய்ய முடியாது. போத்தலைக் கையோடு கொண்டுபோய், ஊற்றி முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

மேலதிகமாகச் செலவழிக்க முடிந்தால் ரோட்டரில் செலவழியுங்கள். பின்னால் 160 மி.மீ. போதும், முன்னால் 180 போடுங்கள். விரலின் அழுத்தம் அதேதான், பிடியோ எட்டில் ஒரு பங்கு கூடும். ஃபோர்க் அந்த அளவை ஏற்குமா என்று முதலில் பாருங்கள், அடப்டரும் தேவைப்படலாம்.

எம்.ரி.200இன் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதோடு வருவது ரெசின் பாட். மாரியில் ஈரமும் மணலும் சேர்ந்தால் வேகமாகத் தேயும். தேயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதனால் ஒரு சோடி வீட்டில் இருக்கட்டும். ‘ரெசின் பாட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ரோட்டரில் உலோகப் பாட் போடவே கூடாது.

கடற்கரைப் பக்கம் ஓடிவந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். செயினுக்கு ஒயில் விடும்போது ரோட்டரைத் துணியால் மூடுங்கள். ஒரு துளி பட்டாலும் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. ரோட்டரை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பாட்டை எறிவதுதான் வழி.

நக்கிள்ஸுக்கு வான் வண்டியில் ஏற்றும்போது சில்லைக் கழற்றினால், பாட்டுகளுக்கு நடுவே தடித்த மட்டைத் துண்டொன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் லீவரில் கை பட்டதும் பிஸ்டன்கள் வெளியே வந்து பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

பூட்டிய அன்றே முழுப் பிடி வராது. உள்துறைமுக வீதி போன்ற சமதரையில் மிதமான வேகத்தில் ஓடி, முழுதாக நிற்காமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள். இருபது தடவையளவில் இப்படிச் செய்த பிறகு மலைக்குக் கொண்டுபோகலாம்.