வீட்டில் பாட்டு, வீணை வகுப்பு நடத்துபவர்கள் ஜூன் மாதத்துக்கு எப்படித் தயாராவது?

கேட்டவர் போன வருடம்தான் வீட்டில் பாட்டு, வீணை வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்களாம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வகுப்பை எங்கிருந்து பிடிப்பது என்று கேட்கிறார். நான் கும்பகோணத்தில் 19 வருடமாகப் பாட்டும் வீணையும் சொல்லித்தருகிறேன். கண்டதைச் சொல்கிறேன்.

நேரம், ஃபீஸ், வாட்ஸ்அப் குழு எல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்துப் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும். ஜூன் முதல் வாரத்தில் நான் புதுப் பாடமே எடுப்பதில்லை. கேட்பது மட்டும்தான் வேலை.

ஏன் என்றால், ஏப்ரலில் போன பிள்ளையும் ஜூனில் வருகிற பிள்ளையும் ஒன்றல்ல. எட்டு, ஒன்பது வயதில் பையனும் பெண்ணும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சேர்ந்தே பாடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றில் பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரலில் காற்று கலந்து வரும், மேல் ஸ்தாயி கொஞ்ச நாள் ஒத்துழைக்காது. நான் வகுப்பு தொடங்கிய மூன்றாம் வருடம் இதைக் கவனிக்காமல் ஒரு பையனைப் பழைய ஐந்து கட்டைக் குழுவிலேயே உட்கார வைத்துவிட்டேன். தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் குரல் பிசிறியது. பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். நல்ல ஞானம் உள்ள பையன். தவறு என்னுடையது. அவனை நினைத்துத்தான் இந்த முதல் வார வழக்கமே வந்தது.

கேட்கும்போது சுருதிப் பெட்டியை உடனே பழைய கட்டையில் போடாதீர்கள். லீவில் எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய் என்று பேசவிடுங்கள். பேச்சுக் குரலிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு பிள்ளைக்கு எது வசதியோ அந்த இடத்தில் ஒரு ஸட்ஜத்தை (ஸ) பிடிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கீழே மந்த்ர பஞ்சமம் (ப) வரை இறங்குகிறதா, மேலே தார காந்தாரம் (க) கத்தாமல் எட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் கிடைக்கிற இடம்தான் இந்த வருடத்துக் கட்டை. குரல் உடைந்துகொண்டிருந்தால் அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்கி, மத்திய ஸ்தாயியில் மட்டும் பாட வையுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தாளமும் ஸ்வரம் எழுதுவதும் அதிகமாகக் கொடுங்கள். அம்மாவைக் கூப்பிட்டு, குரல் கெட்டுப்போகவில்லை, மாறுகிறது, அவ்வளவுதான் என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லுங்கள்.

அடுத்து மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பயிற்சியான முதல் சரளி வரிசை, கையில் ஆதி தாளம் போட்டு மூன்று காலம், அதாவது மூன்று வேகம். எவ்வளவு பாடம் முடித்த பிள்ளையாக இருந்தாலும் இதுதான். ஒன்றரை மாதம் தொடாமல் இருந்தால் சுத்த ரிஷபம் (ரி) கொஞ்சம் ஏறியிருக்கும், காகலி நிஷாதம் (நி) இறங்கித் தொங்கும். இரண்டாம் காலம் வந்ததும் குரலோடு சேர்ந்து கையும் ஓடும். எந்த இடத்தில் எது தடுமாறியது என்று ஆளுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் குழு பிரிப்பது. என் வழக்கம், முதலில் கட்டை, அடுத்துப் பாடம், கடைசியில்தான் வயது. ஒரு குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒருவரின் தனிக்குரல் நம் காதுக்கு வராது.

வீணை சொல்லித்தருவதாகவும் எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். மே மாத வெயில் வீணைக்குப் பெரிய சத்ரு. தந்திகளுக்கு அடியில் குறுக்கே இருக்கிற 24 உலோக மெட்டும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த அந்தப் படுகை சூட்டில் இளகினால், மெட்டு கண்ணுக்குத் தெரியாமல் அழுந்தும், சாயும். பிள்ளை சரியாகத்தான் வாசிக்கும், ஸ்வரம் தப்பாகக் கேட்கும், நாமும் பிள்ளையைத் திட்டுவோம். அதனால் சாரணியை (முதல் தந்தியை) எந்த மெட்டிலும் அழுத்தாமல் மீட்டி, பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸட்ஜம் சேருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு மெட்டாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மெட்டுக்கு மேல் விலகியிருந்தால் நீங்களே சூடு காட்டிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் தஞ்சாவூருக்கு எடுத்துப் போகிறேன். ஜூனிலேயே கொடுத்துவிடுவது நல்லது. நவராத்திரி நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தந்திகள் துருவேறியிருந்தால் மாற்றுங்கள். பிரடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி தடவினால் நிற்கும். பிள்ளைகள் வீட்டு வீணைகளையும் ஒரு நாள் கொண்டுவரச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில்தான் இருக்கும்.

பாடும் அறையில் ஃபேன் சத்தத்தைக் கவனியுங்கள். கடகடக்கிற ஃபேனுக்குக் கீழே தம்புரா நாதம் பிள்ளைகளின் காதில் விழாது.

நேரத்துக்கு வருகிறேன். பள்ளி, டியூஷன், வேன் வருகிற நேரம் எல்லாம் ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தெளிவாகும். அதுவரை தற்காலிக நேரம் என்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளியிலிருந்து நேராக வருகிற பிள்ளைக்குப் பசி இருக்கும். ஏதாவது சாப்பிட்டு அரை மணி கழித்துப் பாடினால்தான் குரல் வரும், அந்த இடைவெளியையும் கணக்கில் வையுங்கள். ஃபீஸ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், லீவு மாதத்துக்கு உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் வருடம் முழுக்க அந்தப் பேச்சே வராது.

நம் சங்கீதத்துக்கு வருடப் பிறப்பு விஜயதசமிதான். புதுப் பிள்ளைகள் அன்று சேர்வார்கள், பழைய பிள்ளைகளுக்கு அன்று புது உருப்படி (பாட்டு) ஆரம்பிக்கலாம். ஆகவே ஜூனில் மார்ச் வரைக்கும் திட்டம் போடாமல் நவராத்திரி வரைக்கும் போடுங்கள். ஏறக்குறைய 16 வாரம் கிடைக்கும், வாரம் இரண்டு வகுப்பு என்றால் 32. காலாண்டுத் தேர்வுக்கு நாலைந்து போய்விடும். மீதியில் கொலுவில் பாட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உருப்படி தயாராக வேண்டும், அது சின்ன கீதமாக இருந்தாலும் சரி. நாலு பேர் வீட்டுக் கொலுவில் பாடிய பிள்ளை அடுத்த வாரம் தானாகவே சீக்கிரம் வந்து பாயை விரிக்கும்.

பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளின் பெற்றோர் ஜூனிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். வாரத்தில் ஒரே ஒரு அரை மணி, புதுப் பாடம் கிடையாது, தெரிந்ததைப் பாடிவிட்டுப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படிச் சம்மதித்தவர்களில் பலர் பரீட்சை முடிந்ததும் திரும்ப வந்திருக்கிறார்கள். முழுதாக நிறுத்தியவர்களில் வந்தவர்கள் குறைவு.

உங்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்றால், கால் மணி வீதம் மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டு சாயங்காலத்தில் கேட்டு முடித்துவிடலாம். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பெற்றோருக்கு இந்த வாரமே செய்தி அனுப்பிவிடுங்கள்.