தீவுகளை நம்பலாமா?

கேள்வி: ஐயா, பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் 140 போர்வெல்களின் தண்ணீரைப் பரிசோதித்திருக்கிறேன். ஒவ்வொரு போர்வெல்லுக்கும் கால்சியம், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள்), ஃபுளூரைடு என 12 அளவுகள். டி-எஸ்என்இ முறையில் (பல அளவுகளைச் சுருக்கி ஒவ்வொரு போர்வெல்லையும் ஒரு புள்ளியாகக் காட்டும் கணினி முறை) படம் போட்டால் புள்ளிகள் மூன்று தீவுகளாகப் பிரிகின்றன. மூன்று வகைத் தண்ணீர் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
- முதுகலை மாணவி, பாலக்கோடு

பதில்: இப்போதைக்கு எழுதாதே அம்மா. முதலில் ஒன்று சொல், அளவுகளைச் சமப்படுத்தினாயா? டி.டி.எஸ். நூறு, ஆயிரம் என்று ஓடும். ஃபுளூரைடு ஒன்று, இரண்டில் நிற்கும். அப்படியே போட்டிருந்தால் நீ பார்ப்பது உப்பின் தீவுகளைத்தான். வான் டெர் மாட்டனும் ஹின்டனும் 2008இல் தந்த அந்த முறை, பக்கத்துப் புள்ளிகளைப் பக்கத்தில் வைக்கத்தான் பாடுபடும். தீவுகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் தீவின் பருமனையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய எத்தனை அண்டைப் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் பெர்ப்ளெக்சிட்டியை 5, 30, 50 என்று மாற்றிப் பார். தீவுகள் நிலைக்கின்றனவா என்று தெரியும்.

அதைவிட, இணை அச்சுப் படம் போடு. இன்செல்பர்க் என்ற கணித அறிஞர் வளர்த்தெடுத்த முறை. 12 அளவுக்கும் 12 செங்குத்துக் கோடுகள். ஒரு போர்வெல் என்பது அவற்றைக் குறுக்கே தொட்டு ஓடும் ஓர் இழை. 140 இழையும் முதலில் சிக்கிய நூல்கண்டாகத்தான் தெரியும். ஃபுளூரைடு அச்சில் 1.5 மில்லிகிராமுக்கு மேலே மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடு. லிட்டருக்கு அதுதான் இந்தியக் குடிநீர்த் தரத்தின் உச்ச வரம்பு. அந்த இழைகள் மட்டும் நிறம் மாறும். இப்போது கால்சியம் அச்சை நகர்த்தி ஃபுளூரைடுக்குப் பக்கத்தில் வை. அடுத்தடுத்த அச்சுகளின் உறவுதான் கண்ணில் படும், அதனால் நகர்த்துவது முக்கியம். இழைகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது என்று பொருள். கால்சியம் மிகுந்தால் ஃபுளூரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். குறைந்த இடத்தில் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்த வேதியியல் உன் திரையில் தெரிகிறதா, பார்.

பிறகு படத்தை ஊர்களின் வரைபடத்தோடு இணை. இங்கே தேர்ந்தெடுத்தால் அங்கே ஊர் ஒளிரும்.

நான் பென்னாகரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் முன்பற்களில் ஃபுளூரைடு விட்ட பழுப்புக் கோடு இன்றும் இருக்கிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: கூட்டத்தோடு சேராமல் தனியே ஓடும் இழையைப் பிழையென்று அழித்துவிடாதே. அந்த வீட்டுக்குப் போய் இன்னொரு பாட்டில் தண்ணீர் எடுத்து வா.