பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பது நல்ல முடிவா?

"தம்பி பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான். ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர ஆசைப்படுகிறான். மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் அது என்று மாமா தடுக்கிறார். சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். அவனே விரும்பிக் கேட்கிறான் என்றால் தயங்கவே வேண்டாம். ஆனால் எந்த நிலையத்தில் சேர்க்கிறீர்கள் என்பதையும், படிப்பு முடிந்ததும் வரும் ஓராண்டை அவன் எங்கே கழிக்கிறான் என்பதையும் பொறுத்துத்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. நான் ஐடிஐயில் ஃபிட்டர் (இயந்திர பாகங்களை அளவாகச் செய்து பொருத்தும் தொழில்) படித்து, அப்ரண்டிஸ் (தொழிற்சாலையில் பழகுநராகப் பெறும் பயிற்சி) முடித்து, கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வேலை கற்றுத் தருவதும் இப்போது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் மட்டும் நானூறுக்கும் மேல். அப்படியிருக்கும்போது பையனை ஐடிஐக்கு அனுப்பினால் அவனைக் கைகழுவிவிட்டதாகப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஃபிட்டர் படிக்கும் இரண்டு ஆண்டுகளில் பணிமனைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனை முதல் சில வாரங்கள் பெரிய இயந்திரங்களின் பக்கம் விட மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கையில் கொடுப்பார்கள். துண்டை வைஸில் இறுக்கிவிட்டு, அதன் மேற்பரப்பைச் சமமாக அராவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது அழுத்தக் கூடாது. தள்ளத் தொடங்கும்போது நுனியில் இருக்கும் இடது கை அதிகமாக அழுத்த வேண்டும். போகப் போக அந்த அழுத்தம் கைப்பிடியில் இருக்கும் வலது கைக்கு மாற வேண்டும். இந்த மாற்றம் கைக்குப் பிடிபடாதவரை அரம் ஏற்றப்பலகை போல ஆடும். துண்டின் இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றுவிடும். ட்ரை ஸ்கொயரை (செங்கோணமும் சமமும் பார்க்கும் கருவி) அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் ஒளிக்கீற்று தெரியும். கீற்று தெரிந்தால் மறுபடியும் அராவ வேண்டியதுதான். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள்பட்டை கடுக்கும். பிறகு ஒரு நாள் கீற்று மறைந்துவிடும். அன்றைக்கு அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சமப்பரப்பு வந்த பிறகு செங்கோணம், அதன் பிறகு எதிரெதிர்ப் பரப்புகளின் இணை, அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் பொருந்தும் இரண்டு துண்டுகள். முதலில் அரை மில்லிமீட்டர் பிசகைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்றுநர், போகப் போக மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு மேல் பிசகினால் துண்டை ஒதுக்கிவிடுவார். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரும் படிக்க அங்கேதான் பழகுகிறார்கள். மனப்பாடம் செய்து தப்பிக்க வழியே இல்லாத படிப்பு இது. துண்டு அளவில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கருவி சொல்லிவிடும். யாரும் வாதாட முடியாது. பள்ளியில் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த நேர்மை பெரிய தைரியத்தைக் கொடுக்கிறது.

கணினி இயந்திரங்கள் வெட்டித் தள்ளும் காலத்தில் அரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டாருக்குப் பேரிங் (தண்டு சுழலத் தாங்கும் குண்டு வளையம்) மாற்றும் வேலையைப் பாருங்கள், புரியும். தண்டின்மேல் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். பழகாதவன் சுத்தியலை எடுத்து வெளிவளையத்தில் அடித்து இறக்குவான். அடியின் வேகம் குண்டுகள் வழியாக உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். மோட்டார் அன்றைக்கு ஓடத்தான் செய்யும். சில வாரங்களில் இரைச்சல் எடுக்கும், சூடேறும், கடைசியில் ஏதோ ஒரு நள்ளிரவுப் பணியில் நின்றுபோகும். பயிற்சி பெற்றவன் முதலில் தண்டின் அளவை மைக்ரோமீட்டரால் பார்ப்பான். விரலால் தடவிப் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்து எடுப்பான். பேரிங்கை ஏறத்தாழ 100 டிகிரி வரை சூடாக்கி விரியச் செய்து நழுவவிடுவான். அந்த வசதி இல்லாவிட்டால் உள்வளையத்தின்மேல் மட்டும் குழாயை வைத்து நிதானமாகத் தட்டுவான். பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் சூத்திரம் எங்கள் இளம் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவும் எங்களுக்கு வேண்டும், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேரிங் அந்த ஆயுள் முழுவதும் ஓட வேண்டுமானால் அதை மாட்டும் கை பழகிய கையாக இருக்க வேண்டும்.

பழகிய கைக்கு இருக்கும் மதிப்பு வெல்டிங் துறையில் இன்னும் வெளிப்படை. திருச்சி பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையையும் அதைச் சுற்றித் துவாக்குடியில் வளர்ந்த பட்டறைகளையும் பார்த்தவர்களுக்கு உயர் அழுத்த வெல்டர் ஒருவருக்கு அங்கே இருக்கும் மரியாதை தெரியும். கொதிகலன் குழாயைப் பற்றவைக்க, 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தனித் தேர்வில் தேற வேண்டும். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயை அடியிலிருந்து மேல்வரை சுற்றிலும் பற்றவைக்கும் சோதனைதான் வெல்டர்களுக்குக் கடினமானது. உள்ளே ஊசிமுனை அளவுக்குக் காற்றுக்குமிழி இருந்தாலும் எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அப்ரண்டிஸ் பயிற்சி. ஐடிஐ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி மதிப்பு இங்கேதான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். உதவித்தொகையும் தர வேண்டும். பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை ரயில்வே பணிமனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனம், திருச்சி பெல் என்று பழகுநர்களைத் தொடர்ந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கும் இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஐடிஐயில் ஒரு துண்டு கெட்டால் இன்னொரு துண்டு கிடைக்கும். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றால் அதை நம்பி வரிசையில் இருக்கும் எல்லாமே நிற்கும். அந்த அவசரத்திலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும் என்ற ஒழுங்கு, மூத்தவர்கள் பக்கத்தில் நின்று சொன்னால்தான் படியும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அப்ரண்டிஸ் முடித்திருக்கிறாரா என்பதைத்தான்.

மேற்படிப்புக்கான வழி அடைபடுமோ என்ற பயம் உங்கள் வீட்டில் இருக்கும். அடைபடாது. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புடன் குறிப்பிட்ட பிரிவுகளில் ஐடிஐ முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்தப் பிரிவுகளில் ஃபிட்டரும் உண்டு.

செலவு என்று பார்த்தால், அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காக 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய் தரும் இந்தத் திட்டங்கள் ஐடிஐக்கும் பொருந்தும். வீட்டில் தங்கையோ அக்காவோ இருந்தால் அவர்களையும் யோசியுங்கள். தமிழ்நாட்டு ஐடிஐ சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

இனி மனத்தில் இருக்கும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளில் சிலர் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள், ஆனால் மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியவில்லை. விசாரித்தால், படித்த தனியார் நிலையத்தில் மூன்று லேத் (கடைசல் இயந்திரம்) இருந்தன, ஒன்றுதான் ஓடியது என்கிறார்கள். செய்முறை நேரத்தில் பதிவேடு எழுத வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அவர்களுடைய இரண்டு ஆண்டுகளைத் திருடியவர்கள் வேறு யாரோ. நன்றாக நடத்தும் தனியார் நிலையங்களும் உண்டு, எங்கள் கோவையிலேயே உண்டு. ஆகவே தனியாரா அரசா என்று பார்ப்பதைவிட, பணிமனை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ப்பதற்கு முன்பு ஒரு வேலைநாளில், செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போங்கள். வைஸ்கள் இருக்கும் மேசைக்கு அடியில் இரும்புத் தூள் கிடக்கிறதா, பயிற்சி மாணவர்களின் கையில் எண்ணெய்க்கறை இருக்கிறதா, எத்தனை பேருக்கு ஒரு லேத், கடந்த ஆண்டு முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில் அப்ரண்டிஸாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நிறுவனங்களின் பெயரைச் சொல்லத் தயங்கினால் அந்த நிலையம் வேண்டாம். மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிடி) அங்கீகாரம் நிலையத்துக்கு மட்டுமல்லாமல் ஃபிட்டர் பிரிவுக்கும் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தரம் உயர்த்தப்பட்ட 71 அரசு நிலையங்களில் ஏதாவது ஒன்று உங்கள் மாவட்டத்தில் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். ரோபோ, சிஎன்சி எனப்படும் கணினிவழி இயங்கும் இயந்திரங்கள் அங்கே வந்திருக்கின்றன. ஃபிட்டர் படிக்கிறவன் அவற்றையும் நியூமேட்டிக் (காற்றழுத்த) இணைப்புகளையும் சென்சார்களையும் ஓரளவு தெரிந்துகொண்டால் பராமரிப்பு வேலைக்கு அவனைப் போட்டி போட்டு எடுப்பார்கள்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. தொடக்கச் சம்பளம் குறைவு. பல நிறுவனங்கள் முதலில் ஒப்பந்தத் தொழிலாளராகத்தான் எடுக்கின்றன. நின்றுகொண்டே வேலை, இரவுப் பணி, கோடையில் கொதிக்கும் தகரக் கூரை. இவற்றைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஐநூறு, ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யும் இடத்துக்குத் தாவ வேண்டாம். கியர்பாக்ஸ், பம்பு, கம்ப்ரசர், ஹைட்ராலிக் என்று பலவற்றையும் கழற்றி மாட்ட விடும் சிறிய பட்டறையாக இருந்தாலும் அங்கே இருக்கட்டும். சம்பளம் ஏறுவது அந்தத் திறமையால்தான். எங்கள் பிரிவில் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் மூத்த ஃபிட்டர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும், நிர்வாகம் அவரைக் கேட்டுக்கொண்டு திரும்ப அழைத்து வைத்திருக்கிறது.

அரசு நிலையங்களில் மதிப்பெண் வரிசைப்படி கலந்தாய்வு நடக்கும்; ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை இப்போதே தயாராக எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பித்துவிடுங்கள். ஃபிட்டர் கிடைக்காமல் போனால் மெஷினிஸ்ட் அல்லது டர்னர் கேளுங்கள். அளவு பார்த்து வேலை செய்யும் அடிப்படை அவற்றிலும் உண்டு. கிடைத்த ஏதோ ஒரு பிரிவில் அவனைத் தள்ளிவிட வேண்டாம். அவன் எந்த ஊர்ப் பக்கம் என்று கருத்துப் பகுதியில் எழுதினால், அங்கே அப்ரண்டிஸ் எடுக்கும் தொழிற்சாலைகளில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.