மாப்பிள்ளைச் சம்பா கதிர் வருமுன் சாய்ந்தால்

உங்கள் மாப்பிள்ளைச் சம்பா நெல் கதிர் வருமுன்பே சாய்ந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். யூரியாவை இத்தோடு நிறுத்துங்கள். தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுத வயலில் மேலுரமாக யூரியாவும் போட்டதாகச் சொல்கிறீர்கள். கதிர் வருமுன்பே பயிர் சாய அதுதான் காரணமாக இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா, ஐ.ஆர்.8 போலக் குட்டை ரகம் இல்லை. இந்த இரண்டும் தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் கிடுகிடுவென உயர்ந்து தண்டு தளர்ந்துவிடும்.

சாயாத இடத்தில் ஒரு இலையை, உங்கள் நிழலில் வைத்து, இலை வண்ண அட்டையோடு (இலையின் பச்சையை வைத்துத் தழைச்சத்தைக் கணிக்கும் எண்ணிட்ட அட்டை) ஒப்பிடுங்கள். அட்டையின் 4-ஆம் எண் நிறத்தைத் தாண்டிய கரும்பச்சை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, சந்தேகமே வேண்டாம்.

இப்போதைக்குத் தேங்கிய நீரை வடியுங்கள். சாய்ந்ததை நாலைந்து குத்தாகச் சேர்த்து முடிந்து நிமிர்த்துங்கள். (கூலி கட்டுப்படியானால்தான்!)

அப்புறம், கார்த்திகை அடைமழையோடு காற்றும் சேர்ந்தால் உரமே போடாத வயலிலும் இந்த ரகம் சாயும். அடுத்த முறை இடைவெளி விட்டு நடுங்கள்.