வாசகர் கடிதம் வேறு, மறுப்பு வேறு

கேள்வி: ஏற்காடு மலைமேல் சிற்றூர் எங்களுடையது. ஏப்ரல் கடைசியில் ஊருக்கு மேலே காடு பற்றி எரிந்தபோது வனத்துறைக்காரர்களோடு நாங்களும் ராத்திரி பூராவும் நின்று அணைத்தோம். மறுநாள் ஒரு நாளிதழில் ‘காட்டுக்குத் தீ வைத்த மலைக்கிராமத்தினர்’ என்று ஊர்ப் பெயரோடு செய்தி. எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கடிதம் எழுதினேன், போடவில்லை. அதே பத்திரிகை மே 3, உலகப் பத்திரிகை சுதந்திர நாளில் கருத்துச் சுதந்திரம் பற்றித் தலையங்கம் எழுதுகிறது. சுதந்திரம் அவர்களுக்கு மட்டும்தானா? கோர்ட்டுக்குப் போகலாமா? (26 வயது வாசகர், ஏற்காடு)

பதில்: தம்பி, செய்தி நறுக்கையும் உங்கள் கடித நகலையும் அருகருகே வைத்துப் படித்தேன். செய்தி நாலே பத்தி. ‘கூறப்படுகிறது’ மூன்று இடத்தில் வருகிறது; கூறியவர் யார் என்று ஓரிடத்திலும் இல்லை. தலைப்புக்கு வரும்போது அந்தக் ‘கூறப்படுகிறது’வையும் எடுத்துவிட்டார்கள். இருபது வருடம் நியூஸ் டெஸ்க்கில் இருந்தவன் நான். இதை அவசரத்தில் நேர்ந்த பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் பத்திரிகையின் இரட்டை வேடத்துக்கே போய்விட்டது. பச்சைத் தழையை ஒடித்து அடித்ததும், சருகைக் கூட்டித் தீ தாண்டாதபடி தடம் வெட்டியதும், உங்கள் சித்தப்பாவுக்குக் கை வெந்ததும் கடைசியில் ஒரே வரி. மேலே ‘வாசகர் கடிதம்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் பிடி நழுவிவிட்டது. வாசகர் கடிதத்தைப் போடுவதும் விடுவதும் ஆசிரியர் விருப்பம். தம்மைப் பற்றி வந்த செய்திக்குப் பாதிக்கப்பட்டவர் அனுப்பும் மறுப்பு அப்படியல்ல. அதைத் தாமதமின்றி, கண்ணில் படும் இடத்தில், கட்டணம் கேட்காமல் வெளியிட வேண்டும் என்பது, பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் சட்டபூர்வ அமைப்பான பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறி. முழுதாகவும் போடலாம், சுருக்கியும் போடலாம்.

சுதந்திரம் யாருடையது என்று கேட்டீர்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. பத்திரிகை என்ற சொல்லே அதில் கிடையாது. தனி மனிதனுக்கு இல்லாத தனி உரிமை பத்திரிகைக்கு வேண்டியதில்லை என்பதே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்ன விளக்கம். ஆசிரியர் எழுதும் தலையங்கமும் நீங்கள் எழுதும் மறுப்பும் ஒரே பிரிவின் நிழலில்தான் நிற்கின்றன.

அப்படியானால் கோர்ட் போடச் சொல்லுமா? இதில் அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்த மனுபாய் ஷாவின் வழக்கு தெரிந்திருக்க வேண்டும். எல்ஐசியின் பாலிசி முறையைக் குறை சொல்லி அவர் எழுதினார். எல்ஐசி தரப்பிலிருந்து ஒருவர் ‘தி இந்து’வில் பதில் எழுத, ஷாவின் மறுபதிலையும் அந்த நாளிதழ் வெளியிட்டது. ஆனால் எல்ஐசி தன் சொந்த இதழில் தன் பக்கத்து ஆள் எழுதியதை மட்டும் போட்டுக்கொண்டு, ஷாவின் பதிலை மறுத்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம், அதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படிக்கப் படிக்க மனம் நிறையும் தீர்ப்பு. ஆனால் எல்ஐசி அரசு நிறுவனம், அந்த இதழ் பொதுப்பணத்தில் நடப்பது என்பதுதான் அதன் ஆணிவேர். தனியார் நாளிதழின் மீது அதே வாதம் சுலபத்தில் நிற்காது. இரட்டை வேடத்துக்கோ எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. ஆகவே தலையங்கத்தை விட்டுவிடுங்கள். பொய்யான அந்தத் தலைப்பைப் பிடியுங்கள்.

மறுப்பை ஒரு பக்கத்துக்குள் புதிதாக எழுதுங்கள். தேதி, பக்க எண், தலைப்பு, எந்த வரி தவறு, உண்மை என்ன, சான்று என்ன. கூட நின்ற வனக்காவலரின் பெயர், செல்போன் படத்தில் பதிவான நேரம், சித்தப்பாவின் ஆஸ்பத்திரி சீட்டு, எல்லாம் சான்றுதான். தீ பற்றிய வனத்துறைப் பதிவின் நகலைக் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிச் சேலம் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காக மறுப்பை நிறுத்தி வைக்காதீர்கள்.

மறுப்புக்கும் ஆசிரியர் அசையாவிட்டால் தில்லி லோதி சாலை சூசனா பவனில் இருக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை. செய்தி நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு அனுப்பிய மறுப்பின் நகல், இந்த விஷயம் எந்தக் கோர்ட்டிலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி, இவை கூட இருக்க வேண்டும். கவுன்சில் அபராதம் போடாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். இது அச்சுப் பத்திரிகைக்கு மட்டும். டிவிக்கு வேறு வழி உண்டு.

ஊரில் பிட் நோட்டீஸ் அடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அடியுங்கள். பேசும் உரிமைக்குப் பத்திரிகைதான் வாசல் என்று யார் சொன்னது? 1878-ல் முத்துசாமி ஐயர் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானதை மதராஸின் ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கியபோது, பதில் சொல்ல ஏடில்லாமல் ஆறு இளைஞர்கள் சொந்தமாகத் தொடங்கியதுதான் ‘தி இந்து’.

ஆனால் உங்கள் நோட்டீஸ் வரைவில் ‘காசு வாங்கிக்கொண்டு எழுதினார்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ‘எங்களிடம் கேட்காமல் எழுதினார்கள், எங்கள் கடிதத்தையும் போடவில்லை’ என்பது நடந்தது. அதை எத்தனை பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கள்.

மறுப்பை நேரில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஏற்காடு தபால் ஆபீசில் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் ஆசிரியர் பெயருக்கு அனுப்பி, ரசீதைச் செய்தி நறுக்கின் பின்னால் குத்தி வையுங்கள். இரண்டு மாதத்தில் இப்போதே மூன்று வாரம் போய்விட்டது.